அன்னெகேயின் மூக்கு

ரோட்டர்டாம்
14 ஜனவரி 2019

வீட்டை விட்டுப் போன ஜுலீகாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, இப்போதுதான் மூன்றாவது வரி. எழுபத்தொரு வயதில் என் முதல் கடிதம் இது. அது உனக்குக் கிடைக்கிறது. அதிர்ஷ்டக்காரி.

பதினான்கு மாதத்துக்கு முன் நீ பெட்டியோடு வாசலில் நின்று என்ன சொன்னாய்? "இனிமே போன் பண்ணாத. ஏதாச்சும் சொல்லணும்னா எழுதிப் போடு." எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது என்று தெரிந்தே சொன்னாய். மறுவாரமே நூலகத்தில் ஹென்னி டீச்சரின் வகுப்பில் சேர்ந்தேன். பதினொரு பெண்கள், நான் ஒருவன். இதோ எழுதிப் போட்டுவிட்டேன். எப்படி இருக்கிறது?

இதுவரை என் கோபத்தை எல்லாம் பிள்ளைகள்தான் எழுதினார்கள். குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்கு எழுதச் சொன்னால், நான் "திருட்டுப் பயலே" என்பேன், ஃபரீத் "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதுவான். இப்போது என் கோபம் கழுவாமல் நேராக வருகிறது. வாங்கிக்கொள். ஒரு குறை, இது டச்சு. நம் ஊர் ரிஃப் பேச்சை எழுத யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டச்சில் திட்ட எனக்கு நாலைந்து சொல்தான் தெரியும். விட்ட இடங்களை நீயே நிரப்பிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கிக்பாக்ஸிங் வகுப்புக்குப் போகிறாயாம். இக்ராம் போனில் சொன்னாள், நம் மகளுக்கு அதில் பெருமை வேறு. அறுபத்திரண்டு வயதில், கையுறை மாட்டிக்கொண்டு, காலைத் தூக்கி உதைக்கிறாய். செய்தி உட்ரெக்ட்டிலிருந்து இங்கே பள்ளிவாசல் தேநீர்க் கடைக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் மிமூன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தான். "புஸியான், உன் சம்சாரம் கூட வந்திருக்காளா? வந்திருந்தா சொல்லு, நான் பின்பக்கமா ஓடிருறேன்!" கடை முழுக்கச் சிரித்தது. தேநீரைக் குடிக்காமல் வந்தேன்.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? கப்பல் தொட்டிக்குள் இறங்கி எண்ணெய்க் கசடு வழித்தே என் முதுகு போயிற்று. எல்லாம் இந்த வீட்டுக்குத்தான். நான் சர்க்கரை டப்பாவை எடுக்க உன் தலைக்கு மேல் அலமாரிக்குக் கை நீட்டினேன். அதற்கு நீ பெட்டி கட்டினாய். சர்க்கரைக்காக வீட்டை விட்டுப் போன பெண் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

மே மாதம் ரமலான் பிறக்கிறது. அதற்குள் வீடு வந்து சேர். போன வருடம் முப்பது நாளும் பாக்கெட்டுப் பொடியைக் கரைத்து ஹரீரா சூப் என்று குடித்து நோன்பு திறந்தேன். இன்னொரு முறை அது என்னால் ஆகாது.

இன்னமும் உன் கணவன்,
புஸியான்


உட்ரெக்ட்
21 ஜனவரி 2019

புஸியானுக்கு,

நாற்பது வருடத்தில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஃபரீதோட அப்பா" என்றுதான் கூப்பிட்டேன். எழுதிப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. புஸியான். புஸியான்.

கடிதத்தைப் பிரித்தபோது யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். உன் எழுத்து பனிக்கட்டியில் நடக்கிறவனைப் போல எந்நேரமும் விழப் பார்க்கிறது. ஆனால் திட்டு உன்னுடையதுதான், சந்தேகமில்லை. படிக்கத் தெரிந்துகொள் என்று முப்பது வருடம் சொன்னேன். "எனக்கு எதுக்கு, வீட்ல அஞ்சு பேர் இருக்கீங்கல்ல?" என்றாய். அப்போது உனக்குச் செய்ய ஆள் இருந்தது. இப்போது திட்ட ஆள் இல்லை என்றதும் படிப்பு வந்துவிட்டது.

மிமூனிடம் சொல், ஓட வேண்டாம் என்று. அவன் முழங்காலுக்கு ஆகாது.

ஆமாம், போகிறேன். முதல் நாள் இக்ராம்தான் இழுத்துப் போனாள். பெண்களுக்கு மட்டும், தொடக்க வகுப்பு. நீளக் கைச் சட்டை, தலைத்துணி, கீழே வெறுங்கால். மற்றவர்கள் எல்லாம் இக்ராம் வயதுதான். ஒரு கையுறையை மாட்டிக்கொண்டபின் இன்னொன்றை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் பல்லால் இழுத்தேன். ஆசிரியை ஷெரீடா எனக்கு முன்னால் ஒரு பஞ்சுப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அடிக்கச் சொன்னாள். அடித்தேன். உடனே "மன்னிச்சுக்க" என்றேன். மறுபடி அடித்தேன், மறுபடி "மன்னிச்சுக்க." அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, இது பஞ்சு. இதுகிட்டப் போய் எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றாள். எனக்கே தெரியவில்லை. அன்று இரவு என் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. மறுவாரம் யாரும் இழுக்காமல் போனேன்.

கேலி பேசுவது சுலபம். அதே தொடக்க வகுப்பில் நீ ஒரு மணி நேரம் நின்று பார். இரண்டாம் மாடி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வானிலை பேசுகிறவன் நீ. கால் மணி நேரம் தாங்க மாட்டாய்.

சர்க்கரை டப்பாவைப் பற்றி இனி எழுதாதே. அது என்ன என்று உனக்குத் தெரியவில்லை.

ரமலானுக்கு வரமாட்டேன்.

ஜுலீகா


ரோட்டர்டாம்
6 பிப்ரவரி 2019

கால் மணி நேரம் தாங்க மாட்டாய் என்று எழுதிய ஜுலீகாவுக்கு,

ஒரு மணி ஐந்து நிமிடம்! சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற கூடம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொடக்க வகுப்பு என்று கதவில் எழுதியிருந்தது. நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. உள்ளே நுழைந்தபின் வெளியே போய் மறுபடியும் படித்துவிட்டு வந்தேன்.

ஆசிரியர் யார் தெரியுமா? ரெதுவான், நம் ஃபரீதோடு பள்ளியில் படித்த பையன், நம் வீட்டில் வந்து முட்டை தின்றவன். இப்போது கழுத்து அடிமரம் மாதிரி இருக்கிறது. "மாமா! நீங்களா? வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான். "உன்னை உதைக்கத்தான் வந்தேன்" என்றேன். நல்ல ஆரம்பம்.

முதலில் கையைச் சுற்றித் துணி கட்டினார்கள். கட்டக் கட்டத் தீரவே இல்லை, குழிக்குப் போகிற மய்யித்துக்குக் கூட இவ்வளவு துணி ஆகாது. பிறகு கையுறை. அதன் நாற்றத்தை எழுத எனக்கு இன்னும் சொல் வரவில்லை. பிறகு பட்டையில் அடிக்கச் சொன்னான். இடது, வலது, இடது. நான் அடித்த சத்தத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மூச்சு விடுங்க மாமா, மூச்சு! அடைச்சு வைக்காதீங்க!" என்று கத்தினான். கால் தூக்குவதுதான் முட்டிக்கு மேல் போகவில்லை. அது போகட்டும்.

அடுத்து இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தான். எனக்கு ஜோடி அன்னெகே. அறுபத்தெட்டு வயது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள், என்னைவிட ஒரு சாண் உயரம். எதிரே வந்து நின்றதும் இரண்டு கையுறையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஓ, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் விட்டேன் ஒன்று. நேராக மூக்கில்.

கூடம் அப்படியே நின்றுவிட்டது. ரெதுவான் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். "மாமா! அது சலாம், மாமா! ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையுறையில கையுறை தட்டிக்கிறது! சலாம் சொல்ல வந்தவங்களப் போய் குத்திட்டீங்களே!"

அவளுக்கு ரத்தம் வந்துவிட்டது. உடனே சொன்னேன்: "மன்னிச்சிருங்க. நான்தான் அடிச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல." மூன்று முறை சொன்னேன். நானே ஓடிப்போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்தெட்டு வருஷம் நேரா இருந்த மூக்கு இது. டிராம்ல குடிகாரனுங்க கூட தொட்டதில்ல" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். வகுப்பு முடிந்து அவளுக்கு நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன். ரெதுவான் எல்லாரிடமும் சொன்னான்: "தப்புப் பண்ணா இந்த மாமா மாதிரி கேக்கணும் மன்னிப்பு. ஒரு நிமிஷம் கூட ஆகல."

இன்னொன்றும் சொன்னான். "அடிக்க உங்களுக்கு நல்லாத் தெரியுது மாமா. மறைக்கத்தான் சுத்தமாத் தெரியல. கை கீழேயே தொங்குது. உங்கள யாரும் அடிச்சதே இல்லையா?" இல்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆகவே நான் ஜெயித்தேன். தோற்றவள் வீட்டுக்கு வர வேண்டும். ரமலானுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

புஸியான்


உட்ரெக்ட்
11 பிப்ரவரி 2019

புஸியானுக்கு,

உன் கடிதத்தை இக்ராமுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் ரயில் ஏறி உன் வீட்டுக்கு வந்திருப்பாள்.

ஒரு நிமிடம். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. முன்பின் தெரியாத டிராம் ஓட்டி ஒருத்தி, கையில் கையுறை, அதுவும் தெரியாமல் பட்ட அடி. துணி நனைத்தாய், "நான்தான் அடிச்சேன்" என்று மூன்று முறை சொன்னாய், காபி வாங்கிக் கொடுத்தாய். உனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரிந்திருக்கின்றன. இத்தனை வருடமும் உனக்குத் தெரியாது என்று நினைத்து உன்னை நானே மன்னித்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வகுப்பில் நடந்த இன்னொன்றை உனக்கு எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். அன்று கடைசியில், முகத்தை எப்படி மறைப்பது என்று காட்டுவதற்காக ஷெரீடா எனக்கு முன்னால் கையை ஓங்கினாள். அவள் இன்னும் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. என் இரண்டு கையும் ஏற்கெனவே மேலே இருந்தன. மோவாய் நெஞ்சில், முழங்கை விலாவில், எல்லாம் சரியான இடத்தில். "எல்லாரும் இங்க பாருங்க, இப்படித்தான்! அம்மா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். "வீட்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இக்ராம் சிரிக்கவில்லை.

சர்க்கரை டப்பாவும் இதுதான். நீ அன்று அடிக்க வரவில்லை. கடைசியாக நீ அடித்து இருபது வருடம் ஆகிவிட்டது, அதுவும் எனக்குத் தெரியும். நீ மேலே கை நீட்டினாய், நான் தலையை மூடிக்கொண்டு அடுப்போரம் குனிந்துவிட்டேன். நீ டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன விளையாட்டு இது?" என்று சிரித்தாய். இருபது வருடம் கழித்தும் என் கை உன்னை நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது. இனி ஒரே வீட்டில் இருக்க முடியாது என்றும் தெரிந்தது. சிரித்ததற்காகப் போகவில்லை. சிரிக்க மட்டும்தான் உனக்குத் தோன்றியது, அதற்காகப் போனேன்.

உங்கள யாரும் அடிச்சதே இல்லையா என்று கேட்டானாம். இல்லை என்று பெருமையாகச் சொன்னாயாம். அந்தப் பெருமையோடு நோன்பு திற.

ஜுலீகா


ரோட்டர்டாம்
15 பிப்ரவரி 2019

ஜுலீகாவுக்கு,

படித்தேன். கஷ்டப்பட்டு எழுதக் கற்றுக்கொண்டது உன்னிடம் இப்படிக் கேட்டுக்கொள்ளவா?

எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? என் அப்பா செய்தார், உன் அப்பா செய்தார். பக்கத்து வீட்டில் ஒரு நாள் விடாமல் கேட்கும். நான் அப்படியா? நல்ல நாளில் நான் கை ஓங்கியதே இல்லை. கப்பல் பட்டறையில் மனிதனை நாய் மாதிரி நடத்தினார்கள், வீட்டுக்கு வந்தால் எனக்குப் புரியாத கடிதங்கள், என்னைவிட விவரம் தெரிந்த பெண்டாட்டி. அன்னெகேவிடம் மன்னிப்புக் கேட்டேன், ஏனென்றால் அவளுக்கு ரத்தம் வந்தது. உனக்கு ரத்தம் வந்ததில்லை.

உன் அண்ணன் ஹத்தூவிடம் பேசிவிட்டேன். பெரியவர், அவர் வந்து பேசுவார். அவரோடு கிளம்பி வா.

புஸியான்


உட்ரெக்ட்
4 மார்ச் 2019

ஹத்தூ வந்தார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம், வாயில் உன் பேச்சு. "பழசையெல்லாம் கிளறாத தங்கச்சி, ஆம்பளைன்னா அப்படித்தான். பையில துணிய எடுத்து வை" என்றார். பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். பதினைந்து நிமிடம் அழைப்பு மணியை அடித்தார். கீழ்வீட்டுக்காரர் வந்து அவரைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பிவைத்தார்.

ரத்தம் வரவில்லை என்று எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து அதில்தான் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.


ரோட்டர்டாம்
24 ஏப்ரல் 2019

ஜுலீகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஏழு வாரம் எழுதவில்லை. இது ஒன்றை எழுதிவிடுகிறேன். பிரிக்காவிட்டாலும் சரி.

உன்மேல் கோபம் இருக்கிறது. பெரியவர் முகத்தில் கதவைச் சாத்தியது சரியில்லை. அது வேறு, இங்கே எழுதி முடித்துவிட்டேன்.

வகுப்புக்கு விடாமல் போகிறேன். முதலில் உன்மேல் உள்ள வீம்பில் போனேன். நேற்று ரெதுவான் ஒரு புதுப் பயிற்சி கொடுத்தான். ஒருவர் சுவரில் முதுகை வைத்து நிற்க வேண்டும். எதிரே நிற்பவர் மூன்று நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். சுவரோரம் நிற்பவர் மறைக்கலாம், திருப்பி அடிக்கக் கூடாது, நகரவும் கூடாது. நான் சுவரோரம். எதிரே அன்னெகே.

அவள் நாலு முறைதான் அடித்தாள். மெதுவாக, கையுறை தொட்ட மாதிரி. ஒன்றும் வலிக்கவில்லை. மீதி நேரம் சும்மா நின்றாள். தோளை அசைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நான் அவள் தோளையும் முழங்கையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. கடிகாரத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கை தூக்கினாள். என் இரண்டு கையும் முகத்துக்குப் போய்விட்டன. கண்ணையும் மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "முடியத்தான் ஒதுக்குனேன், புஸியான்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். "மாமா, நெஞ்சு வலிக்குதா? தண்ணி வேணுமா?" என்று ரெதுவான் கேட்டான். எனக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் காபி குடிக்கலாம் என்று தெரிந்த மூன்று நிமிடம். நீ வீட்டுக் கதவில் என் சாவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தச் சுவரோரம்தான் நின்றிருக்கிறாய்.

இதற்கு மேல் வருவதை நேற்று மாலையிலிருந்து எழுதுகிறேன். நாலு தாளைக் கிழித்தேன். பிழை இருந்தால் இருக்கட்டும், ஹென்னி டீச்சரிடம் இதைக் காட்ட முடியாது.

நான் உன்னை அடித்தேன்.

கப்பல் பட்டறையில் என்னை வேலையை விட்டு நிறுத்திய அன்று அடித்தேன். ரொட்டி கருகிவிட்டது என்றேன். ரொட்டி கருகவில்லை.

என் அண்ணன் வந்திருந்தபோது நான் சொன்ன ஒரு தேதியை அவர் முன்னால் நீ திருத்தினாய். அவர் சாப்பிட்டு, தேநீர் குடித்து, செருப்பு மாட்டி, படி இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். அதன்பிறகு அடித்தேன். கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று அன்று சொன்னேன். இரண்டு மணி நேரம் காத்திருக்கிற கோபம் எது?

ஊருக்குக் காரில் போகும்போது, ஸ்பெயினில், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில். பலகையைப் படித்து இடதுபக்கம் என்று நீ சொன்னாய். நான் வலதுபக்கம் திரும்பி நூறு கிலோமீட்டர் தப்பாக ஓட்டினேன். நீ சொன்னது சரி என்று தெரிந்ததால் அடித்தேன். பையன்கள் கழிப்பறைக்குப் போயிருந்தார்கள். இக்ராம் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரத்தம் வரவில்லை என்று எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது என்பது மட்டும் இல்லை, அப்படி நினைத்திருக்கக் கூடாது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். ஒரு நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டியது. முதல் அடியிலிருந்து முப்பத்து நாலு வருடம் ஆகிவிட்டது.

ரமலானுக்கு வா என்று இதில் எழுதவில்லை.

புஸியான்


உட்ரெக்ட்
3 மே 2019

புஸியானுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். நான் படிச்சுச் சொல்லவாம்மா என்று இக்ராம் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி நானே படித்தேன். முதல் முறை நின்றுகொண்டு படித்தேன். அடுத்த முறை உட்கார்ந்தேன்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, இக்ராம் வீட்டை விட்டு, தனி வீட்டில் இருக்கிறேன். ஓர் அறை, ஒரு சமையலறை. பதிவு என் பெயரில். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. ஹத்தூவுக்குக் கொடுக்காதே.

இக்ராம் அன்று காரில் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு வயது. அவளுக்குத் தனியாக எழுது.

மூன்று என்று எழுதியிருக்கிறாய். மூன்று இல்லை. மீதியை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நீயே நினைவுபடுத்தி, ஒவ்வொன்றாக, இதே மாதிரி எழுது.

வீட்டுக்கு வரமாட்டேன். ரமலானுக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கடிதம் வந்தால் பிரிப்பேன்.

ஜுலீகா